பேன்கிரியாடைட்டிஸ்: கணைய அழற்சி என்ற சொல்லின் பொருளும் வேரும்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளின் முதல் வரியில் "அக்யூட் பேன்கிரியாடைட்டிஸ்" என்று எழுதியிருக்கும். தமிழில் விளக்கிச் சொல்லும் மருத்துவர் "கணைய அழற்சி" என்பார். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அங்கே படுக்க நேர்ந்தால் அதே நோய் அரபியில் "இல்திஹாபுல் பன்கிர்யாஸ்" என்று வரும். மூன்று பெயர்களையும் வைத்துக்கொண்டு குடும்பத்தார் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். இது என்ன நோய்? இது குடிப்பவர்களுக்கு வருவதல்லவா?

முதல் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது கேள்வி மானம் சம்பந்தப்பட்டது. மஹல்லாவில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் அவரைப் பற்றி வாய்க்கு வாய் பேச்சு பரவி, பேசிவைத்த சம்பந்தம் நின்றுபோகிற அளவுக்குப் போய்விடுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

"முழுக்கச் சதை"

பேன்கிரியாடைட்டிஸ் கிரேக்கச் சொல். 'பான்' என்றால் எல்லாம், முழுதும். உலகம் முழுதும் பரவிய நோயைப் 'பாண்டமிக்' என்று சொல்லிப் பழகிவிட்டோமே, அந்தப் 'பான்' தான் இதுவும். 'கிரியாஸ்' என்றால் சதை, இறைச்சி. இரண்டும் சேர்ந்து 'பான்கிரியாஸ்', அதாவது முழுக்கச் சதையாக இருப்பது. எலும்போ குருத்தெலும்போ இல்லாமல், வெட்டினால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி மெதுமெதுவென்று இருப்பதால் இந்தப் பெயர்.

குர்பானி ஆட்டை உரித்துப் பிரிக்கும்போது அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஈரல் அடர்ந்த நிறத்தில் தனியாகத் தெரியும். சுவரொட்டியும் அப்படியே. குடலின் தொடக்கத்தை ஒட்டி, கொழுப்போடு கொழுப்பாக, வெளிறிய நிறத்தில் நீளவாக்கில் ஒரு துண்டு கிடக்கும். அதைத் தனி உறுப்பு என்றே பலர் நினைப்பதில்லை. பழைய கிரேக்க மருத்துவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் உடல்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸ் இவ்வுறுப்பைக் கண்டு குறித்தவர். கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த எபெசஸ் நகரத்து ரூபஸ் இதற்குப் 'பான்கிரியாஸ்' என்று பெயர் வைத்தவராகச் சொல்லப்படுகிறார். பிறகு வந்த காலன், நம் அரபு நூல்கள் 'ஜாலீனூஸ்' என்று அழைக்கும் அதே மருத்துவர், இதை இரத்தக் குழாய்களுக்குக் கீழே போட்ட மெத்தை என்று கருதினார். அந்தக் கருத்து ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் நிலைத்தது.

ஒரு சின்ன சந்தேகம் எழலாம். உறுப்பின் பெயர் பேன்கிரியாஸ், நோயின் பெயரில் மட்டும் 'ட்' எங்கிருந்து வந்தது? அது கிரேக்க இலக்கண விவகாரம். 'கிரியாஸ்' என்ற சொல் "சதையின்" என்று வேற்றுமை ஏற்கும்போது 'கிரியாட்டோஸ்' ஆகிவிடும். நம் மொழியில் 'மரம்' என்பது 'மரத்தின்' என்று ஆகும்போது ஒரு 'த்' வந்து சேர்வது போல. சிறுநீரகச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது 'கிரியாட்டினின்' அளவு பார்க்கிறார்கள் அல்லவா? அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல் 'கிரியாட்டின்' என்று பெயரிட்டார். அதன் வழிவந்த பெயர் கிரியாட்டினின். ஒரே குடும்பச் சொற்கள் இரண்டு, ஒரே இரத்தப் பரிசோதனைத் தாளில் வெவ்வேறு வரியில் உட்கார்ந்திருக்கின்றன.

"ஐடிஸ்" என்ற வால்

அடுத்தது கடைசிப் பகுதி. ஆர்த்ரைட்டிஸ், ஹெப்படைட்டிஸ், டான்சிலைட்டிஸ், பேன்கிரியாடைட்டிஸ் என்று எத்தனையோ நோய்களுக்கு ஒரே வால் ஒட்டியிருக்கிறது. கிரேக்கத்தில் இந்த விகுதிக்கு 'அழற்சி' என்ற பொருளே கிடையாது. "இதைச் சார்ந்தது" என்பது மட்டுமே பொருள். கிரேக்கத்தில் நோயைக் குறிக்கும் 'நோசோஸ்' பெண்பாற்சொல். அதற்கு முன்னால் வரும் அடைமொழியும் பெண்பால் விகுதி ஏற்கவேண்டும். அப்படி 'ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ்' என்றால் மூட்டைச் சார்ந்த நோய். காலப்போக்கில் 'நோசோஸ்' உதிர்ந்து வால் மட்டும் நின்றுவிட்டது. அந்த நோய்களில் பல வீக்கமும் சூடுமாக இருந்ததால், 18ஆம் நூற்றாண்டு தொடங்கி ஐரோப்பிய மருத்துவர்கள் இந்த விகுதியை அழற்சிக்கென்றே ஒதுக்கினார்கள். அரபு இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெண்பால் பெயருக்கு அடைமொழியும் பெண்பாலாக வரவேண்டும் என்பதும், பெயரை விட்டுவிட்டு அடைமொழியே பெயராக நிற்பதும் மதரஸாவின் முதல் வகுப்புகளிலேயே வரும் பாடம்.

ஆகச் சொல்லுக்கு நேர்ப்பொருள்: முழுச்சதை உறுப்பின் அழற்சி. அவ்வளவுதான். அந்தப் பெயரில் காரணம் எதுவும் இல்லை. மது என்றோ, கல் என்றோ, கிருமி என்றோ அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. ஓர் உறுப்பின் நிலையை மட்டும் சொல்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பேச்சுக்கு உதவும்.

நான்கு மொழிகளில் ஒரே நெருப்பு

அழற்சி என்ற தமிழ்ச்சொல் 'அழல்' என்பதிலிருந்து வந்தது. அழல் என்றால் தீ. லத்தீனில் 'இன்ஃபிளமேஷியோ', அதன் வேர் 'ஃபிளம்மா', தீச்சுடர். கிரேக்கத்தில் 'ஃபிளெக்மோனே', எரிதல் என்ற வினையிலிருந்து வந்தது. அரபியில் 'இல்திஹாப்'. அதன் மூன்று மூல எழுத்துகளான லாம், ஹா, பா ஆகியவற்றைச் சேர்த்தால் 'லஹப்', தீச்சுவாலை. அபூலஹபைப் பற்றிய அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த சொல் அது. அந்த லஹபே மருத்துவமனைத் தாளில் 'இல்திஹாப்' ஆகி நிற்கிறது.

உடலின் ஓர் இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பதை நெருப்பாகவே எல்லாச் சமூகங்களும் உணர்ந்திருக்கின்றன. இந்த நான்கு அடையாளங்களையும் சேர்த்துப் பட்டியலிட்டவர் கி.பி. முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ். நம் நாளிதழ்கள் சில 'கணைய வீக்கம்' என்று எழுதுகின்றன. பொருள் தவறில்லை, ஆனால் நான்கில் ஒன்றை மட்டும் சொல்கிற பெயர் அது. 'அழற்சி'யே நிறைவானது.

கூடவே வரும் 'அக்யூட்', 'க்ரானிக்' என்ற இரண்டு அடைமொழிகளையும் பார்த்துவிடுவோம். அக்யூட் லத்தீனில் 'கூர்மையானது'. அரபியில் 'ஹாத்', அதுவும் கூர்மை. தமிழில் 'தீவிர' அல்லது 'கடும்' என்கிறோம். க்ரானிக் என்பது காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி. அரபியில் 'முஸ்மின்', காலத்தைக் குறிக்கும் 'ஸமான்' என்பதன் வழி. தமிழில் 'நாள்பட்ட'. நாள் என்பதும் காலம்தானே.

உறுப்புக்கு எத்தனை பெயர்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கணையம்' என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'சதையி' என்கின்றன. அங்கே உறவினர் உள்ள கடலோர ஊர்க்காரர்கள் ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் கேட்டுக் குழம்புவதுண்டு. சதையி என்பது 'சதை'யிலிருந்து வந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். கிரேக்கர்கள் பார்த்த பார்வையே அதிலும் இருக்கிறது. கணையம் என்றால் பழந்தமிழில் கோட்டைக் கதவுக்குப் பின்னால் குறுக்கே போடும் மரம். வயிற்றின் மேற்பகுதியில், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்குவாட்டில் கிடக்கும் உறுப்புக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஒன்று உறுப்பின் பொருளையும் மற்றொன்று கிடக்கும் விதத்தையும் காட்டுகிறது.

அரபியில் பழங்கால மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கச் சொல்லையே 'பான்கராஸ்' என்று அரபு எழுத்தில் எழுதி வைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றவர்கள் காலனின் நூல்களை அரபுக்குக் கொண்டுவந்த காலம் அது. இன்று 'பன்கிர்யாஸ்' என்கிறார்கள். அதற்கு ஈடாக 'முஅஸ்கலா' என்ற அரபுச் சொல்லும் மருத்துவ அகராதிகளில் உண்டு. 'உஸ்கூல்' என்றால் பேரீச்சங்குலை. அதன் வழி வந்தது இந்தப் பெயர். கணையத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன உருண்டைகள் காம்புகளில் தொங்குவது போலத்தான் தெரியும். ஐரோப்பியர்கள் அதே உருண்டைகளை 'அசினஸ்' என்றார்கள். அது லத்தீனில் திராட்சை. பாலைவனத்துக்காரருக்குப் பேரீச்சங்குலை, ஐரோப்பியருக்குத் திராட்சைக்குலை!

பாரசீகர்கள் 'லவ்ஸுல் மிஃதா' என்கிறார்கள். இரைப்பையின் பாதாம் என்று பொருள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து உருதுக் குடும்பங்களில் அகராதி பார்த்தால் 'லப்லபா' என்றிருக்கும். இந்தியில் 'அக்ன்யாசய', நெருப்பின் உறைவிடம். ஜெர்மானியர்கள் 'வயிற்று உமிழ்நீர்ச் சுரப்பி' என்று பொருள்படும் ஒரு நீண்ட சொல்லை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில்தான் உறுப்பின் வேலை முதன்முதலாகத் தெரிகிறது.

மெத்தையல்ல என்று தெரிந்த கதை

1642இல் இத்தாலியின் படுவா நகரில் யோஹான் கியோர்க் விர்சுங் என்ற ஜெர்மானியர் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது கணையத்தின் உள்ளே நெடுக ஓடும் ஒரு குழாயைக் கண்டார். அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. செப்புத் தகட்டில் அதன் படத்தைச் செதுக்கி, அச்செடுத்து, ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களுக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். மறு ஆண்டே அவர் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழாய் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 1664இல் ரெக்னியர் டி கிராஃப் நாயின் அந்தக் குழாயில் இறகுக் குழலைச் செருகிச் சாற்றைச் சேகரித்துக் காட்டினார். 1840களின் முடிவில் பாரிஸில் கிளாட் பெர்னார்ட், அந்தச் சாறு கொழுப்பைச் செரிக்க வைப்பதை நிறுவினார். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் கணையத்துக்குள்ளே தனித்தனித் திட்டுகளாக வேறுவகை உயிரணுக்கள் இருப்பதைக் கண்டார். தீவுகளைப் போல் இருந்ததால் லத்தீனின் 'இன்சுலா', அதாவது தீவு, என்ற சொல் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து 'இன்சுலின்' வந்தது. அரபியில் அவற்றை 'ஜுஸுர்' என்பார்கள், ஒருமை 'ஜஸீரா'. தொலைக்காட்சிச் செய்தியில் கேட்டுப் பழகிய சொல்தான்.

அப்படியானால் கணையம் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, இரத்தத்தில் இன்சுலினைக் கலந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது. மற்றொன்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் செரிமானச் சாற்றைக் குடலுக்குள் விடுவது. சுமார் 15 சென்டிமீட்டர் நீளமும் 100 கிராமுக்குள் எடையும் கொண்ட உறுப்பு இவ்வளவும் செய்கிறது.

தன்னையே செரித்துக்கொள்ளும் நோய்

இந்தச் சாறு எவ்வளவு வலிமையானது என்றால், நாம் உண்ணும் ஆட்டிறைச்சியை அது கரைத்துவிடுகிறது. பிறகு ஏன் அது கணையத்தையே கரைப்பதில்லை? கணையமும் இறைச்சிதானே, பெயரே அதுதானே. சாற்றிலுள்ள நொதிகள் கணையத்துக்குள் இருக்கும்வரை உறையிலிட்ட கத்தி போல் செயலற்று இருக்கின்றன. சிறுகுடலின் முதல் பகுதியைத் தொட்ட பிறகே அங்குள்ள வேறொரு நொதி உறையைக் கழற்றுகிறது. அந்த முதல் பகுதிக்கு ஹெரோபிலஸ் "பன்னிரண்டு விரல் நீளம்" என்று பொருள்படப் பெயர் வைத்தார். அரபு மருத்துவர்களும் 'இஸ்னா அஷரீ', பன்னிரண்டு கொண்டது, என்று அப்படியே மொழிபெயர்த்தார்கள்.

ஏதோ ஒரு காரணத்தால் உறை உள்ளேயே கழன்றுவிட்டால் கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. 1896இல் பிராகு நகரில் ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் இந்தக் கருத்தை முன்வைத்தார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1889இல், அமெரிக்காவின் பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்நோயின் அடையாளங்களை முறையாக வகுத்து எழுதினார். பேன்கிரியாடைட்டிஸ் என்ற சொல் அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. உயிரோடிருக்கும் நோயாளியிடம் அதைக் கண்டுபிடிக்க வழி காட்டியவர் அவர். 'அப்பென்டிசைட்டிஸ்' என்ற சொல்லை 1886இல் உருவாக்கியவரும் இவரே.

வலி எப்படி இருக்கும்? மேல்வயிற்றில் திடீரென்று தொடங்கி, முதுகுக்கு ஊடுருவிச் செல்லும். மல்லாந்து படுத்தால் கூடும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். குமட்டலும் வாந்தியும் சேர்ந்து வரும். நம் வீடுகளில் இதை 'வாயு' என்று எண்ணி, சோடாவும் பூண்டுக் கஷாயமும் கொடுத்து ஓர் இரவைக் கடத்திவிடுகிறார்கள். வாயுக்கோளாறு இப்படி மணிக்கணக்கில் ஒரே பிடியாகப் பிடித்து முதுகைத் துளைக்காது. அந்த இரவைக் கடத்தக் கூடாது.

மருத்துவர் மூன்றில் இரண்டு பொருந்தினால் நோயை உறுதி செய்வார்: மேற்சொன்ன வலி, இரத்தத்தில் லைப்பேஸ் அல்லது அமைலேஸ் என்ற நொதி இயல்பைப்போல் மூன்று மடங்கோ மேலோ இருப்பது, ஸ்கேனில் கணையம் வீங்கித் தெரிவது. 'லிபோஸ்' கொழுப்பு, 'அமைலோன்' மாவுச்சத்து. அவற்றைச் செரிப்பவை என்பதால் அந்த நொதிகளுக்கு இப்பெயர்கள். பெரும்பாலானோர் நரம்பு வழி நீர், வலி மருந்து, கவனிப்பு ஆகியவற்றோடு ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் கணையத் திசு அழுகி, நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். யாருக்கு எப்படிப் போகும் என்பது முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் தெரியவரும். "சாதாரண வயிற்றுவலிக்கு எதற்கு ஐசியு" என்று மருத்துவரோடு சண்டை போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குடியும் பழியும்

நீண்டகாலம் அதிகமாக மது அருந்துவது இந்நோய்க்கு ஒரு பெரிய காரணம். அதில் ஐயமில்லை. ஆனால் மற்றொரு பெரிய காரணம் பித்தப்பைக் கல். ஈரலிலிருந்து வரும் பித்தக் குழாயும் கணையக் குழாயும் குடலில் ஒரே வாசலில் திறக்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவிய சின்னக் கல் அந்த வாசலில் சிக்கினால் கணையச் சாறு தேங்கி நோய் தொடங்குகிறது. 1901இல் யூஜீன் ஓபி என்பவர் பால்டிமோரில் ஓர் உடலில் அப்படிச் சிக்கிய கல்லையே கண்டு விளக்கினார். பித்தக்கல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். கர்ப்பமும் உடற்பருமனும் அதற்கு வழிவகுக்கும். மூன்று நான்கு பிள்ளைகள் பெற்ற, வாழ்நாளில் மதுவின் வாடையே அறியாத ஒரு தாய்க்கு இந்நோய் வருவது மருத்துவர்களுக்கு அன்றாடக் காட்சி.

காரணங்கள் அத்தோடு முடியவில்லை. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் வரும். சில மருந்துகளால் வரும். கால்சியம் கூடினால் வரும். பொன்னுக்கு வீங்கி என்று நாம் சொல்லும் அம்மைக்கட்டு வைரஸால் வரும். வயிற்றில் சைக்கிள் கைப்பிடி குத்திய பிள்ளைக்கு வரும். டிரினிடாட் தீவில் ஒருவகைத் தேள் கொட்டினால் வருகிறது என்பது மருத்துவ மாணவர்கள் மறக்காத செய்தி. காரணமே பிடிபடாதவர்களும் உண்டு.

நம் பகுதிக்கென்றே ஒரு வகையும் இருக்கிறது. குடிப்பழக்கம் இல்லாத இளைஞர்களுக்கு, சில நேரம் சிறுவர்களுக்கே, திரும்பத் திரும்ப வயிற்றுவலி வந்து, கணையக் குழாயில் கற்கள் சேர்ந்து, இறுதியில் சர்க்கரை நோயில் முடிவது. 1959இல் ஸூடிமா என்பவர் இந்தோனேசியாவில் கண்டதை எழுதினார். 1960களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகளை மிகப் பெரிய எண்ணிக்கையில் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். சென்னையிலும் டாக்டர் எம்.விஸ்வநாதன் முதலானோர் இதை ஆராய்ந்தார்கள். 'வெப்பமண்டலக் கணைய அழற்சி' என்று இதற்குப் பெயர் வந்தது. மரவள்ளிக்கிழங்கே காரணம் என்று முதலில் சொன்னார்கள், அது நிரூபணமாகவில்லை. பிற்பாடு மரபணுக் கோளாறுகள் இதில் பங்கு வகிப்பது தெரியவந்தது.

எனவே ஒருவரின் தாளில் இந்தச் சொல்லைப் பார்த்து அவருடைய வாழ்க்கையைத் தீர்ப்பிடுவது அறிவுக்கும் பொருந்தாது, மார்க்கத்துக்கும் பொருந்தாது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கும் தீய எண்ணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் "குடிப்பீர்களா?" என்று கேட்டதும் உறவினர்கள் கொதித்துப்போய் "நாங்கள் முஸ்லிம்கள், எங்களிடம் அப்படிக் கேட்கலாமா" என்று பாய்கிறார்கள். அது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. தாடி வைத்தவரிடமும் கேட்பார்கள். படுத்திருப்பவருக்கு உண்மையிலேயே அந்தப் பழக்கம் இருந்து, வாப்பாவும் மாமாவும் சுற்றி நிற்பதால் அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் விளைவு மோசமாகும். பழகிய மது திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாட்களில் கைகால் நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரை போகலாம். அதற்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும். பாவத்தை ஊருக்கு வெளிப்படுத்தக் கூடாது என்பது வேறு, சிகிச்சைக்காக மருத்துவரிடம் தனியே சொல்வது வேறு. அந்த நேரத்தில் குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி, ஐந்து நிமிடம் அறையை விட்டு வெளியே போய் நிற்பது.

"கல்யாண வீட்டு பிரியாணிதான் கொண்டுவந்தது" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. பித்தப்பையில் ஏற்கெனவே கல் இருப்பவருக்குக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் பித்தப்பை சுருங்கிக் கல் நகர வாய்ப்புண்டு. பழியைக் கல்மேல் போடுங்கள். கல்லால் வந்த நோய் என்று தெரிந்தால், லேசான தாக்குதலாக இருக்கும் பட்சத்தில், அதே தடவையிலேயே பித்தப்பையை எடுத்துவிடச் சொல்வார்கள். தள்ளிப்போட்டால் மறுபடியும் வரும்.

நோன்பும் மாத்திரையும்

தீவிரத் தாக்குதலில் இருப்பவருக்கு நோன்பு பற்றிய கேள்வியே எழாது. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் வெளிப்படையாக இருக்கிறது. நாள்பட்ட அழற்சி உள்ளவர் நோற்கலாமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை நோயும் சேர்ந்து இன்சுலின் போடுபவரென்றால் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. தீராத நோயென்று ஆகிவிட்டவருக்கு ஃபித்யா இருக்கிறது.

நாள்பட்ட அழற்சியில் கணையம் சுருங்கி நொதிகள் குறைந்துவிடும். சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், உடல் மெலியும். இதற்குத் தரும் 'பேன்கிரியாட்டின்' மாத்திரைகள் வழக்கமாகப் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. இதை மருத்துவர்கள் எல்லா நேரமும் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவது சரியல்ல என்பது என் கருத்து. பிறகு எங்கோ படித்துத் தெரிந்துகொண்ட நோயாளி யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்; சில மாதங்களில் எலும்பும் தோலுமாகிறார்.

நிர்ப்பந்த நிலைக்கான சலுகை அல்பகரா 173இல் உள்ளது. 'ளரூரத்' என்ற தலைப்பில் ஃபிக்ஹு நூல்கள் அதை விரிவாகப் பேசுகின்றன. ஆகுமான மாற்று கிடைக்காத இடத்தில், நம்பகமான மருத்துவர் தேவையென்று சொன்னால், இத்தகைய மருந்தை உட்கொள்ள அனுமதி உண்டு என்று மார்க்க அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்திருக்கிறார்கள். இது புதிய பிரச்சினையும் அல்ல. 1982இல் ஆய்வகத்தில் தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வரும்வரை, பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினே உலகெங்கும் பயன்பட்டது. மாற்று உண்டா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் மருந்துச்சீட்டோடு போய்க் கேளுங்கள். பதில் வரும்வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அதை உட்கொள்வதிலும் ஒரு முறை உண்டு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு முடித்தபின்போ போட்டால் பயன் குறைவு. உணவோடு உணவாக நொதியும் இறங்கவேண்டும். முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரித்துப் போடச் சொல்வார்கள். மென்று விழுங்கக் கூடாது, சூடான தேநீரோடும் கூடாது. நோன்பு நோற்க மருத்துவர் அனுமதித்தவர்களுக்கு இஃப்தாரில் பேரீச்சம்பழத்துக்கும் தண்ணீருக்கும் இந்த மாத்திரை தேவைப்படாது, அவற்றில் செரிக்க வேண்டிய கொழுப்பு இல்லை. கறி போட்ட நோன்புக்கஞ்சியும் வடையும் கைக்கு வரும்போது போட்டால் போதும். ஸஹருக்கு நெய்ச்சோறோ பாலோ சாப்பிடுவதானால் அப்போதும் ஒரு தடவை.